சாணும் சென்டிமீட்டரும்: தொடக்கநிலை நீட்டலளவைப் பாடம் குறித்த மதிப்பீடு

திறவுச்சொற்கள்: நீட்டலளவை, சாண், கோல், அங்குலம், மெட்ரிக் முறை, செங்கல்பட்டு, மாமல்லபுரம்

தமிழ்நாட்டின் தொடக்கநிலைக் கணக்குப் பாடங்களில் நீட்டலளவை பெரும்பாலும் ஒரே வழியில் அறிமுகமாகிறது. குழந்தை மேசையைச் சாணால் அளக்கிறது; ஆசிரியரும் அளக்கிறார்; இரு எண்களும் வேறுபடுகின்றன. உடலளவை ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே சென்டிமீட்டரும் மீட்டரும் தேவை என்ற முடிவுக்குப் பாடம் வந்துவிடுகிறது. இவ்வாதத்தில் இரு குறைகள் உள்ளன. ஒன்று வரலாறு சார்ந்தது. கூடுதல் கவலைக்குரிய மற்றொன்று கற்றல் சார்ந்தது.

சாண் என்பது கையை மட்டும் குறித்த சொல்லன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் பன்னிரு சாண் கோலும் பதினாறு சாண் கோலும் நிலமளக்கும் கருவிகளாக இடம்பெறுகின்றன. கோலின் நீளத்தைக் கோயிற் சுவரில் பொறித்துவைக்கும் வழக்கமும் இருந்தது. யாருடைய கை என்ற வினாவுக்கு அங்கே இடமில்லை. வரி விதிக்கப்படும் நிலத்தில் அவ்வினா எழ ஊரார் விட்டிருக்கவும் மாட்டார்கள். இடத்துக்கு இடம் கோல் வேறுபட்டது உண்மையே. ஆனால் அது பொது ஏற்பின் எல்லை குறித்த சிக்கலே தவிர, தரமின்மை அன்று. 1956ஆம் ஆண்டின் எடை, அளவைத் தரங்கள் சட்டம் எதிர்கொண்டதும் இந்த எல்லைச் சிக்கலையே. பாடமோ சாணைத் தரப்படுத்தப்படாத அளவை என்ற ஒற்றைப் பெயருக்குள் அடைத்துவிடுகிறது.

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் இச்சிக்கல் வேறொரு வடிவம் கொள்கிறது. எட்டு யவை ஓர் அங்குலம், 24 அங்குலம் ஒரு முழம் என்பது சிற்பநூல் வாய்பாடு. இதனின் வேறானது தேகாங்குலம். அது படிமத்தின் உயரத்தையே பகுத்துப் பெறப்படுவது. உத்தம தசதாலத்தில் உயரம் 124 பகுதிகளாகும். 62 சென்டிமீட்டர் படிமத்துக்கு ஒரு பகுதி அரை சென்டிமீட்டர். 248 சென்டிமீட்டர் படிமத்துக்கு இரண்டு சென்டிமீட்டர். இங்கே அலகு மாறுவது குறையன்று, அதன் பணியே அதுதான். அன்றாட வழக்கிலோ அங்குலம் என்றால் 2.54 சென்டிமீட்டர். ஒரே சொல்லின் இம்மூன்று பொருள்களும் புழங்கும் ஊரில், அலகு என்பது தேவை கருதித் தேர்ந்தெடுக்கப்படுவது என்று கற்பிப்பது கடினமன்று. பூச்சரம் முழத்திலும் துணி மீட்டரிலும் விற்கப்படும் கடைத்தெருவே அதற்குப் போதும்.

கற்றல் சார்ந்த குறை இதனினும் ஆழமானது. பியாஜே, இன்ஹெல்டர், செமின்ஸ்கா ஆகியோர் 1948இல் வெளியிட்ட ஆய்வு, அளத்தலின் அடிப்படையாகப் பகுத்தலையும் அலகை இடைவெளியின்றி மீண்டும் மீண்டும் வைத்தலையும் கண்டது. அளவுகோலில் 3 முதல் 8 வரை படியும் பென்சிலின் நீளத்தைக் கேட்டால், 8 என்றோ, கோடுகளை எண்ணி 6 என்றோ விடைதரும் குழந்தைகள் பலர். அவர்கள் காண்பது கோடுகளை. கோடுகளுக்கு இடைப்பட்ட தொலைவை அன்று. மேசையளக்கும் செயற்பாட்டிலும் இது நேர்கிறது. ஆசிரியரின் எண்ணும் குழந்தையின் எண்ணும் வேறுபடக் கையின் அளவு மட்டுமே காரணமாகாது. சாணுக்கும் சாணுக்கும் இடையே விட்ட வெளியும் காரணமாகலாம். பாடம் பழி முழுவதையும் கையின்மீது சுமத்திவிட்டு அளவுகோலை நீட்டுகிறது. அளவுகோல் கைக்கு வந்தபின் அந்த வெளியைப் பற்றிய பேச்சே எழுவதில்லை.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பரங்கிமலை அருகே 1802இல் லாம்டன் அடிக்கோடு அளந்த நிகழ்வு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 100 அடி எஃகுச் சங்கிலி அவரிடம் முன்பே இருந்தது. தரமான அலகுக்குக் குறைவில்லை. எனினும் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவை அளக்க 57 நாட்கள் ஆயின. சங்கிலியின் ஒரு முனை நின்ற இடத்திலேயே அடுத்த முனை தொடங்க வேண்டும். வெயிலில் எஃகு நீள்வதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இச்செயல் 400 முறையளவில் நிகழ்ந்தது.

வகுப்பறையில் இதற்குச் சங்கிலி வேண்டியதில்லை. ஒரே குழந்தை ஒரே குச்சியால் ஒரே மேசையை, இடைவெளி விட்டும் விடாமலும் இருமுறை அளந்தால் கையின்மீதான பழி நீங்கும். உயரம் அளக்கும் பயிற்சிக்கும் இது பொருந்தும். சுவரில் ஒட்டிய அளவுப்பட்டையின் சுழியம் தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் மேலே இருப்பின், வகுப்பிலுள்ள அனைவரும் ஐந்து சென்டிமீட்டர் குட்டையாகவே பதிவாவர். அப்பட்டையைக் கழற்றித் தரையோடு பொருத்துமாறு குழந்தைகளிடமே கூறலாம்.