பாட்டு ஆளைக் கொல்லுமா?

சென்ற வருஷம் ஒரு பத்திரிகைத் தொடர்கதையில் ஒரு பெண்ணைச் சாகடித்தேன். 48 வயதில் அவளுக்குக் கண்டம் என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார். அந்த வயது பிறந்ததும் படுக்கிறாள். ஜோசியர் குறித்த மாதத்திலேயே போய்ச் சேருகிறாள். முடிவு கச்சிதமாக அமைந்துவிட்டதென்று எனக்கு உள்ளூரக் கர்வந்தான்.

பத்து நாள் கழித்து, கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் கல்வராயன் மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண் கடிதம் எழுதியிருந்தாள். "எங்கள் அம்மாவுக்கும் இப்போது 48. அவள் ஜாதகத்திலும் இதே கண்டம் சொல்லியிருக்கிறது. உங்கள் கதை முடிந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மார்பு படபடக்கிறது, கால் மரத்துப்போகிறது என்கிறாள். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்கிறார். எழுதிய நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் தேவலை."

கடிதத்தைப் படித்ததும் எனக்கு நந்திவர்மன் நினைவு வந்தது. புறப்படும்போது 'நந்திக் கலம்பக'த்தைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நந்திவர்மன் ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவன். தெள்ளாற்றுப் போரில் வென்றவன். அவன் மரணத்தைப் பற்றிய கதை நம் நாட்டில் பலவிதமாக வழங்குகிறது. பகைகொண்ட தம்பி ஒருவன், கேட்டவன் மாளும்படி அறம் வைத்து நூறு பாட்டுப் பாடினானாம். விஷயம் தெரிந்தும் தமிழின்மேல் கொண்ட ஆசையால் அரசன் கேட்கத் துணிந்தானாம். நூறு பந்தல் போட்டு, பந்தலுக்கு ஒரு பாட்டாகக் கேட்டுக்கொண்டே நடந்தான். கேட்டு முடித்த பந்தல் ஒவ்வொன்றாக எரிந்தது. கடைசிப் பாட்டைச் சிதைமேலிருந்து கேட்டு மாண்டான்.

பஸ்ஸில் நூலை மீண்டும் படித்தேன். கொலை எங்கே இருக்கிறது? தெள்ளாற்று வெற்றி இருக்கிறது, கொடை இருக்கிறது, காதலும் கேலியும் இருக்கின்றன. பகைவன் பாடியது என்று யாரும் சொல்லித் தராவிட்டால், அரசனிடம் மனம் பறிகொடுத்த புலவன் ஒருவன் பாடியது என்றே நினைப்போம். மன்னன் மறைந்தபின் புலம்புவதாக ஒரு பாட்டும் நூலோடு சேர்ந்து வழங்குகிறது. கேட்கிறவனைக் கொல்வதற்காகச் செய்த நூல் என்றால் அந்தப் புலம்பலுக்கு அதில் என்ன வேலை? புலம்பலைக் கண்ட பிற்காலத்தார் அதற்கொரு காரணம் தேடிக் கதை கட்டியிருக்கலாம் என்பது என் ஊகம். பாட்டின் முதல் எழுத்துக்களையே அமுதென்றும் நஞ்சென்றும் பிரித்து வைத்தவர்கள் நம் பாட்டியல் நூலார். அந்த நாட்டில் இப்படியொரு கதை பிறந்ததில் வியப்பில்லை.

ஆனால் கதையைப் பொய் என்று தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. கட்டியவர் மனித மனத்தை அறிந்தவர். ஒரே பாட்டில் அரசனைச் சாய்த்திருந்தால் அது வெறும் மந்திரக் கதை. நூறு பந்தல்கள் போட்டார் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு பந்தல் எரியும்போதும் நம்பிக்கை ஒரு படி இறுகுகிறது. சுற்றியிருப்பவர்கள் உயிரோடிருப்பவனைப் பிணமாகவே பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். நூறாவது பந்தலில் பாட்டுக்கு வேலையே இல்லை.

வால்டர் கானன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர், சூனியத்துக்கு அஞ்சி மாண்டவர்களைப் பற்றிப் பல நாடுகளிலிருந்து வந்த செய்திகளை ஆராய்ந்து 1942இல் எழுதினார். தீராத அச்சம் நரம்புகளை ஓயாமல் முடுக்கி உடம்பைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. கெடுதல் வரும் என்று எதிர்பார்ப்பதாலேயே வரும் கெடுதலுக்கு 1961இல் 'நோசீபோ' என்று பெயர் வைத்தார்கள். 2020இல் லண்டனில் முடிந்த ஒரு சோதனை இன்னும் சுவையானது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்ட 60 பேருக்குச் சில மாதம் அசல் மாத்திரையும், சில மாதம் போலி மாத்திரையும், சில மாதம் வெறும் புட்டியும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அசலில் கண்ட தொல்லைகளில் பத்தில் ஒன்பது பங்கு போலியிலும் வந்தது. வலி பொய்யல்ல, அவர்கள் அனுபவித்த வலிதான். அதைப் பெரும்பாலும் மருந்து கொடுக்கவில்லை, அவ்வளவே.

பஸ் கள்ளக்குறிச்சிக்குள் நுழைந்தது. 2024 ஜூனில் இந்த ஊரில்தான் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அது கெடுதல் செய்யும் என்றா நினைத்துக் குடித்தார்கள்? அவர்கள் நம்பிக்கை அவர்களைக் காக்கவில்லை. எல்லாம் மனந்தான் என்று பேசுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. நஞ்சு நஞ்சுதான், அச்சம் வேறொரு நஞ்சு.

நான் போனபோது அந்த அம்மாள் திண்ணையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே மலை நீலமாகத் தெரிந்தது. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து புளி விற்க இறங்கி வந்த கிழவர் ஒருவரும் அங்கே இருந்தார். கல்வராயன் மலையாளிகள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள். நந்திவர்மன் ஊர்க்காரர் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். பேச்சு எப்படியோ பாம்புக்கு வந்தது.

"தண்ணிப் பாம்பு கடிச்சு மயங்கி விழுந்தவனைப் பார்த்திருக்கேன் சாமி" என்றார் கிழவர். "கடிபட்டவனைப் பார்த்ததும் ஐயோன்னு அலறக் கூடாது. ஒண்ணும் ஆகாதுப்பான்னு சொல்லிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடணும். ரெண்டும் செய்யணும்."

என் தொழிலுக்கு இவ்வளவு நல்ல விமர்சனத்தை நான் கேட்டதில்லை.

சிலப்பதிகாரத்துப் பாண்டியனும் ஒரு சொல்லைக் கேட்டு மாள்கிறான். ஆனால் இளங்கோவடிகள் அங்கே எந்த மந்திரத்துக்கும் வெற்றி கொடுக்கவில்லை. சிலம்பு உடைகிறது, தன் தவறு தன் கண்ணுக்கே தெரிகிறது, அந்த அறிவு அவனைச் சாய்க்கிறது. சொல் எந்த வழியாக உயிருக்குள் போயிற்று என்று நமக்குத் தெரிகிறது. பேரதிர்ச்சியில் இதயத் தசை திடீரெனத் தளர்ந்துபோவதை 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தார்கள். புலவர் அதை வேறு கணக்கில் அறிந்திருந்தார்.

என் கதையில் அந்த வழி இல்லை. அந்தப் பெண் சாப்பிடாமல் இருந்ததையும், தூங்காமல் இருந்ததையும், வீட்டார் அவளைப் பார்த்த பார்வையையும் நான் எழுதவில்லை. ஜோசியரை ஜெயிக்க வைத்தேன். வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தால் போதும் என்று இருந்துவிட்டேன். பாட்டு கொல்லாது, நம்புகிற ஒருவரின் வாய்ச்சொல் கொல்லக்கூடும். வாரந்தோறும் படிக்கிறவர்கள் என்னை எவ்வளவு நம்பினார்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

"அம்மா, அந்த ஜோசியரை உண்டாக்கியவன் நான். நாள் குறித்ததும் நான். எனக்கு ஜோசியம் தெரியாது" என்றேன்.

அந்த அம்மாள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவ பொண்ணுக்குக் கல்யாணம் பேசினீங்களே, அது நடந்துச்சா?" என்று கேட்டாள். நான் அதை யோசித்திருக்கவேயில்லை. "நடந்தது" என்றேன். "தை மாசத்திலா?" "தை மாசத்தில்தான்." உள்ளே திரும்பி மகளிடம் இலை போடச் சொன்னாள். அன்று எங்களோடு உட்கார்ந்து இரண்டு பிடி சாப்பிட்டாள். நான் குணப்படுத்தினேன் என்று சொல்லமாட்டேன். டாக்டர் சொன்னது அதற்குமுன் காதில் ஏறவில்லை, அன்று கொஞ்சம் ஏறியது.

கதை புத்தகமாக வரும்போது அந்தப் பெண் செத்துத்தான் போவாள். அதை மாற்றப் போவதில்லை. எதனால் செத்தாள் என்று மட்டும் ஓர் அத்தியாயம் சேர்த்திருக்கிறேன்.

சென்ற மாதம் மகள் எழுதியிருந்தாள். அம்மாவுக்கு 49 பிறந்துவிட்டதாம். இப்போது நான் எழுதும் தொடர்கதையில் விறுவிறுப்புப் போதவில்லை என்று அம்மா சொல்லச் சொன்னாளாம்.