மருத்துவக் கலைச்சொல்லும் நிபுணர் இணக்கமும்: ஒரு விமர்சன நோக்கு

நோயொன்றிற்குப் பெயரிடுதல் வெறும் மொழியியற் செயலன்று. பெயர் நோயின் காரணத்தைச் சுட்டுவதோடு, நோயாளி பற்றிய சமூகத்தின் தீர்ப்பையும் சுமந்து செல்கின்றது. ஆகவே, மருத்துவப் பெயர்களை யார், எம்முறையில், எம்மொழியில் முடிவு செய்கின்றனர் என்ற வினா சமூகவியல் முக்கியத்துவம் உடையதாகும். அண்மைக்காலத்தில் இத்துறையிற் செல்வாக்குப் பெற்றுள்ள ‘டெல்பி’ முறையை இந்நோக்கில் ஆராய்வது பொருத்தமானது.

இம்முறை 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் உருவாயிற்று. அணுகுண்டுத் தாக்குதலின் விளைவுகளை மதிப்பிடுவதற்காக ஏழு நிபுணரிடம் நடத்தப்பட்ட அச்சோதனையை டோல்கி, ஹெல்மர் ஆகியோர் 1963இல் வெளியிட்டனர். போருக்கெனப் பிறந்தமை பற்றி மட்டும் ஒரு முறையை ஒதுக்கிவிட முடியாது. வினாக்கொத்து நிபுணர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்பப்படும். விடைகள் பெயர் வெளியிடாது தொகுக்கப்பட்டு, அடுத்த சுற்றில் அவர்களிடமே மீளக் கையளிக்கப்படும். அவற்றை நோக்கியபின் ஒவ்வொருவரும் தம் கருத்தை மாற்றலாம், அன்றி நிலைநிறுத்தலாம். பதவியும் மூப்பும் உரத்த குரலும் முடிவைத் தீர்மானிக்கும் குழுக்கூட்ட மரபிற்கு இது நல்லதொரு மாற்று என்பதை நாம் ஏற்கலாம்.

ஈரலிற் கொழுப்புப் படியும் நோயின் பெயர்மாற்றம் இம்முறையின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகின்றது. மதுவருந்தாதோரிடத்தும் மதுவினால் விளைவது போன்ற ஈரலழற்சி காணப்படுவதை 1980இல் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த லட்விக் குழுவினர் விவரித்தனர். அதிலிருந்து ‘மதுசாரம் சாராத’ என்னும் அடைமொழி நிலைபெற்றது. நோய் எதுவன்று என்பதைக் கூறிய அப்பெயர், அது எது என்பதைக் கூறவில்லை. அன்றியும், மதுவைத் தொட்டறியாத நோயாளியின்மீதும் மதுவின் நிழலை அது படரவிட்டது. 2020இல் 22 நாடுகளின் நிபுணர் குழுவொன்று அனுசேபக் கோளாற்றை முன்னிறுத்திப் புதுப்பெயர் தந்தபோதும் ‘கொழுப்பு’ எனும் சொல்லை விட்டுவைத்தது. பின்னர் அமெரிக்க, ஐரோப்பிய, இலத்தீன் அமெரிக்க ஈரல் ஆய்வுச் சங்கங்கள் முன்னெடுத்த டெல்பி ஆய்வில் 56 நாடுகளைச் சேர்ந்த 236 பேர் நான்கு சுற்றுகளிற் பங்குபற்றினர். 2023இல் முடிவு வெளியாயிற்று: ‘மதுசாரம் சாராத’ என்பது நீங்கியது, ‘கொழுப்பு’ எனும் ஆங்கிலச் சொல்லின் இடத்தை ‘ஸ்டியற்றோற்றிக்’ என்ற கிரேக்க வழிச்சொல் பெற்றது.

இம்முடிவின் எண்கள் ஊன்றி நோக்கத்தக்கவை. பழைய பெயர் மாற்றத்தை வேண்டும் அளவிற்குக் குறையுடையது என்றோர் 74 வீதத்தினர். ‘மதுசாரம் சாராத’ என்பது இழிவுபடுத்துகின்றது என்றோர் 61 வீதம். ‘கொழுப்பு’ அவ்வாறானது என்றோர் 66 வீதம். குழு தனக்கென வகுத்துக்கொண்ட பெரும்பான்மை எல்லையோ 67 வீதம். மாற்றம் வேண்டும் என்பதில் இருந்த இணக்கம், இழிவு எங்குள்ளது என்பதில் அவ்வளவிற்கு இருக்கவில்லை. இழிவை அனுபவிப்போர் நோயாளரே. அவர்கள் இங்கு தத்தம் அமைப்புகளின் பிரதிநிதிகள் வாயிலாகவே இடம்பெற்றனர். மருந்துத் தொழிற்றுறையினரும் அதே அவையில் இருந்தனர். இணக்கம் என்பது வினவப்பட்டோரின் இணக்கமே. அதனை உண்மைக்கு நிகராகக் கொள்வது தவறாகும்.

இதனினும் அடிப்படையான குறை மொழி பற்றியது. ‘ஸ்டியர்’ என்ற கிரேக்கச் சொல்லின் பொருளும் கொழுப்பே. ஆங்கிலம் பேசும் நோயாளிக்கு அக்கிரேக்கம் ஒரு திரையாக அமைகின்றது. பிறமொழியாளருக்கு அத்திரை கிட்டுவதில்லை. சீனரும் ஜப்பானியரும் புதிய பெயரைத் தம்மொழியில் அமைத்தபோது, கொழுப்பைக் குறிக்கும் சொல்லையே மீண்டும் கையாண்டனர். தமிழிலும் நிலை அதுவே. ‘கொழுப்பு’ என்பது எமது பேச்சுவழக்கிற் செருக்கையும் குறிப்பது. ‘உனக்குக் கொழுப்பு’ என்பது வசை. ஆதலின் நீரிழிவோடு இந்நோயையும் சுமக்கும் ஏழைப் பெண்ணொருத்தியின் காதில் இச்சொல் ஆங்கிலத்தில் ஒலிப்பதினின்று வேறாகவே ஒலிக்கும். அவ்வேறுபாடு எந்தச் சுற்றிலும் அளக்கப்படக்கூடியதாய் இருக்கவில்லை.

1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். தம் மாணாக்கருடன் கூடி நூல்களை மொழிபெயர்த்தார். கற்போரும் நோயாளரும் பேசிய மொழியிலேயே சொற்கள் தேடப்பட்டமை அம்முயற்சியின் வலிமை எனலாம். எனவே புதிய பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதோடு எமது கடமை முடிந்துவிடாது. டெல்பி முறையை நாமும் ஏற்கலாம். ஆனால் வினாக்கொத்து தமிழில் அமைதல் வேண்டும். மருத்துவருடன் தாதியரும் நோயாளரும் அதில் நேரடியாக இடம்பெறல் வேண்டும். சிறுபான்மையாக நின்ற கருத்துகளும் காரணத்துடன் பதிவாதல் வேண்டும். ‘அனுசேப ஈரல் நோய்’ போன்ற சொற்றொடர்கள் அத்தகைய சோதனைக்கு முதலில் வைக்கத்தக்கன.