கேட்டதும் எழுதியதும்

புதுச்சேரியை ஒட்டிய உழவர்கரை, பிரெஞ்சு ஆட்சியில் தனிக் கொம்யூனாக விளங்கிய ஊர். ஆட்சி கைமாறிய 1954இல் பத்து வயதுச் சிறுவராயிருந்தவர் இன்று எண்பதைக் கடந்துவிட்டார். சைகோன் வணிகமும் 'சொல்தா' குடும்பங்களின் வாழ்வும் அத்தலைமுறையின் நாவில்தான் எஞ்சியுள்ளன. அவர்தம் பேச்சைப் பதிவு செய்வது எளிது, எழுத்தாக்குவதே அரிது. அப்பணியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் ஒப்படைக்கும் வழக்கம் பெருகிவரும் இவ்வேளையில், அவற்றை மதிப்பிட நம்மிடம் அளவுகோல் ஏதும் உண்டா?

உண்டென்பதே நம் துணிபு. ஹதீஸ் கலை அறிஞர்கள், படியெடுத்த ஏட்டை மூலத்தோடு ஒப்புநோக்கும் 'முகாபலா'வை வலியுறுத்தினர். ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) மறைந்த இப்னுஸ் ஸலாஹ், தம் 'முகத்திமா'வில் இதனை விரித்துரைக்கிறார். எந்திரம் எழுதித் தருவதும் ஒரு படியே, மூலம் ஒலிதான்.

2022இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட விஸ்பரின் முதல் வடிவம் 6,80,000 மணிநேர ஒலியில் பயின்றது. அதில் ஆங்கிலமல்லாத 96 மொழிகளின் எழுத்தாக்கத்திற்குச் சேர்ந்த பங்கு 1,17,000 மணிநேரமே. இக்குறையை உணர்ந்து, சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு அதனை இந்திய மொழிப் பேச்சுகளால் மீண்டும் பயிற்றி 2023இல் இண்டிக்விஸ்பரை உருவாக்கியது. இரண்டையும் சொந்தக் கணினியிலேயே இயக்கலாம். முதியவரின் அந்தரங்கப் பேச்சு அயலார் கணினிக்குச் செல்லவேண்டியதில்லை. பேச்சு ஓர் அமானிதம் என்போர்க்கு இது சிறிய வேறுபாடன்று.

எனினும் கருவியின் சரளம் நம்மை மயக்கிவிடலாகாது. விஸ்பர் எழுதிய ஆங்கிலப் பதிவுகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றில், எவரும் பேசாத தொடர்கள் புகுந்திருந்ததை 2024இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. பேச்சில் தடையுற்று நெடிது மௌனிப்போரின் பதிவுகளில் அப்பிழை மிகுதி. சொல்லைத் தேடி இடையிடையே நிறுத்திப் பேசும் முதியோரை எண்ணிப் பார்க்கவேண்டும்: அவர் மௌனித்த இடத்தில் எந்திரம் பேசிவிடுமாயின், அது சாட்சியமன்று, புனைவு.

நம் வழக்குமொழி வேறொரு சோதனை. பிரெஞ்சுப் படைவீரரைக் குறிக்கும் 'சொல்தா'வைக் கருவி 'சொல் தா' எனப் பிரித்தெழுதினாலும் தமிழாகவே தோன்றும். அரபியில் இதயத்தையும் நாயையும் குறிக்கும் இரு சொற்கள் தமிழெழுத்தில் 'கல்பு' என ஒன்றாகிவிடுகின்றன. அரபுத்தமிழ் ஏடுகளிலோ அவற்றுக்கு வெவ்வேறு முதலெழுத்துகள் இருந்தன. பொருளறிந்து கேட்கும் செவியே இங்கே பிரித்தறியும்.

ஆகவே, பிறர் புகழ்ச்சியை நம்பிக் கருவியைத் தேர்தல் தகாது. நம் பதிவிலேயே பத்து நிமிடத்தைக் கையால் எழுதி, கருவிகளின் படிகளை அதனோடு ஒப்பிடுவோம். பெயர், ஆண்டு, மறைவசனம், மௌனம் ஆகிய நான்கிடங்களையும் முதலில் நோக்குவோம். தேர்ந்த பின்னும் முழுப்படியையும் ஒலியோடு ஒப்புநோக்கி, ஒப்புநோக்கியவர் பெயரையும் நாளையும் அடியில் குறிப்போம். பேசியவர் உயிரோடிருக்கையில் அவருக்கே படித்துக்காட்டுதல் இன்னும் சிறப்பு. மூல ஒலியை ஒருபோதும் அழிக்கலாகாது. நாளை ஐயம் எழும்போது திரும்பிச் செல்ல வேறிடம் இல்லை.