கோல் கம்பத்துக்குப் பின்னால்

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கால்பந்து ஆடுவது பழைய வழக்கம். ஆடுகிறவர்களுக்கு ஓடினால் உடம்பு சூடாகிவிடும். விளம்பரப் பலகையை ஒட்டி மடக்கு முக்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் போட்டோகிராபருக்கு அந்த வசதி இல்லை.

எனக்கு இந்தப் போட்டோகிராபர்களின் கைகள் மேல்தான் கண். கனத்த கையுறை போட்டால் பட்டன் தட்டுப்படாது. போடாவிட்டால் விரல் விறைத்துவிடும். அதனால் விரல்நுனி மட்டும் திறந்துகொள்ளும் கையுறை. 400 மி.மீ. லென்ஸின் கனத்தை ஒற்றைக்கால் ஸ்டாண்ட் பார்த்துக்கொள்ளும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால், மாற்று பேட்டரி சட்டையின் உள்பையில், கோழி அடைகாப்பதுபோல, உடம்புச் சூட்டிலேயே இருக்கும்.

டிசம்பர் கடைசியில் லண்டனில் 4 மணிக்குள் சூரியன் போய்விடும். 3 மணி ஆட்டமென்றால் இரண்டாம் பாதி முழுக்க விளக்கு வெளிச்சம்தான். பாய்கிற ஆளை மங்காமல் பிடிக்க 1/1000 வினாடி ஷட்டர் வேண்டும், அதற்காக ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாகும். தரையெல்லாம் பனி என்றால் கேமரா ஏமாந்து வெள்ளையைச் சாம்பலாக்கும்.

இத்தனைக்கும் கூலி, மூச்சு. பந்தைத் தலையால் முட்டிவிட்டுக் கத்துகிறவரின் வாயிலிருந்து கிளம்பும் ஆவி, பின்னாலிருந்து விளக்கு வெளிச்சம் விழுந்தால் பளீரென்று தெரியும். கோடைக்காலப் படத்தில் இது வராது.

இடைவேளையில் சூடான அறைக்குள் கேமராவைத் திறந்தபடி கொண்டுபோனால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். விவரமானவர்கள் பையில் மூடியே எடுத்துப்போவார்கள். பலர் போவதே இல்லை. லேப்டாப்பின் மேல் பிளாஸ்டிக்கைப் போர்த்தி, அதற்குள் தலையை நுழைத்து, முதல் பாதியின் கோலை அனுப்பிக்கொண்டிருப்பார்கள். ஆட்டம் முடியட்டும் என்று காத்திருக்கும் பொறுமை எந்தப் பத்திரிகைக்கு இருக்கிறது?