விஞ்சையரும் பசியும்: காயசண்டிகை கதையமைப்புப் பற்றி ஓர் ஆய்வு

மணிமேகலையில் இயற்கை இறந்த நிகழ்ச்சிகள் மிகுதி என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டு வரும் ஒரு குறை. தெய்வம் தலைவியை வான்வழியே எடுத்துச் செல்கிறது. தூணிலமைந்த பாவை பேசுகிறது. விஞ்சையன் ஒருவன் வானினின்று இறங்கி அரசிளங்குமரனை வாளால் வீழ்த்துகிறான். இவற்றுள் முன்னைய இரண்டும் சமயக் காப்பியத்துக்கு வேண்டுவன என்று அமைதி கூறுவோரும், மூன்றாவதனைக் கதையை முடுக்குதற்குப் புலவர் கைக்கொண்ட எளிய வழி என்றே கருதிக் கடந்து செல்வர். உதயகுமரன் இறத்தல் வேண்டும். கொல்வதற்கு ஒருவன் வேண்டும். ஆகவே காஞ்சனன் வந்தான் என்பது அவர்தம் கொள்கை. அக்கொள்கை பொருந்தாது என்பது எம் கருத்து. விஞ்சையர் என்னும் பறக்கும் இனத்தை அதன் உடலியல்பு, உணவு, ஒழுகலாறு, வழிநடை விதி ஆகியவற்றோடு சாத்தனார் புனைந்திருக்கும் முறையே காப்பியத்தின் உள்ளுறைக் கருத்தைத் தாங்கி நிற்கின்றது.

முதற்கண் அவ்வினத்தின் பொதுவியல்பு நோக்கற்பாலது. வித்யா என்னும் வடசொல் பாகத வழியாகத் தமிழில் விச்சை எனவும் விஞ்சை எனவும் வழங்கிற்று. அதனை உடையார் விஞ்சையர். ஆகவே அவ்வினத்தின் பெயரே அறிவினால் வந்த பெயர், சிறகினால் வந்ததன்று. தமிழ்க் காப்பியங்களில் விஞ்சையர்க்குச் சிறகு கூறப்படவில்லை. உடல் மக்களுடலே, நாவில் நிற்கும் மந்திரமே அவர்தம் சிறகு. உறைவிடம் வடதிசையிலுள்ள வெள்ளிமலை. அம்மலையில் வடக்கும் தெற்குமாக இரண்டு சேடிகள் உண்டென்பதும், வடசேடியில் 60 நகரங்களும் தென்சேடியில் 50 நகரங்களும் அமைந்தன என்பதும் சைன நூல்களின் வழக்கு. இங்ஙனம் நாடும் நகரும் அரசும் வகுக்கப்பெற்ற ஓரினத்தைப் பெற்றுக்கொண்ட தமிழ்ப் புலவர் மூவரும் அதனை மூன்று வகையாக ஆண்டனர்.

இளங்கோவடிகள் கடலாடு காதையில் காட்டும் விஞ்சையன் காண்போன் மட்டுமே. காதலியோடு புகாருக்கு வருகிறான். இந்திர விழாவையும் மாதவியின் ஆடலையும் அவளுக்குக் காட்டுகிறான். அவனுக்கு அந்நகரில் உறவுமில்லை, கடனுமில்லை. அவன் கண்வழியாக நாமும் விழாவைக் காண்கின்றோம் என்பதே அவனால் விளையும் பயன்.

திருத்தக்கதேவர்க்கோ விஞ்சையர் கொள்வினை கொடுப்பினைக்கு உரியராகின்றனர். கலுழவேகன் தன் மகள் காந்தருவதத்தையைச் சீதத்தன் என்னும் வணிகனிடம் ஒப்படைத்து இராசமாபுரத்துக்கு அனுப்புகிறான்; யாழ்ப்போரில் வென்ற சீவகன் அவளை மணக்கிறான். மண்ணில் வாழ்க்கைப்பட்ட பின்னரும் அவளது விஞ்சை அவளை விட்டு நீங்குவதில்லை. அந்நூலிலேயே விசயை ஏறிச் சென்ற மயிற்பொறி பறக்கும் கருவியாதலும் ஒப்பு நோக்கத்தக்கது. மக்கள் பறத்தற்குப் பொறி வேண்டும். விஞ்சை மகளுக்கு அது வேண்டா. இவ்வேறுபாட்டைத் தேவர் ஓரிடத்தும் விரித்துரைக்கவில்லையாயினும் நூலின் போக்கில் அது தெளிவாகவே புலப்படுகின்றது.

வானினின்று வருவோர் விழாநாளில் வருவர் என்னும் எண்ணம் காவிரிக் கழிமுகக் கடற்கரையில் இன்றும் வழக்கொழியவில்லை. திருமலைராயன்பட்டினம் என்ற அளவில் தமிழ் பயின்றார்க்குக் காளமேகமும் மண்மாரிக் கதையும் நினைவுக்கு வரும். யாம் ஈண்டுக் குறிப்பது அதனையன்று. மாசிமகத்தன்று திருக்கண்ணபுரத்துச் சௌரிராசப் பெருமாள் கருட ஊர்தியில் அவ்வூர்க் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். பட்டினச்சேரி மீனவர் அவரைத் தம் குலத்து மாப்பிள்ளையாக எதிர்கொள்கின்றனர். வருநாள் குறிக்கப்பெற்றது, வருவோர்க்கு இங்கே உறவு உண்டு, வந்தவர் மீள்வர். இம்மூன்றும் கொண்ட வழக்கினை மனத்திற்கொண்டு நோக்கின், ஆண்டுதோறும் இந்திர விழாவின்போது புகாருக்கு வந்து, மனைவியைக் கண்டு, கழிந்த ஆண்டுகளை எண்ணி மீளும் காஞ்சனனின் நிலை நமக்கு அயலாகத் தோன்றாது. இளங்கோவடிகளின் விஞ்சையன் விழாக் காண வருகிறான். சாத்தனாரின் விஞ்சையன் அதே விழாவுக்குப் பசித்த மனைவியைக் காண வருகிறான். இவ்வொரு மாற்றத்திலேயே சாத்தனாரின் தனித்தன்மை தொடங்குகின்றது.

காயசண்டிகையின் வரலாற்றை அவளே மணிமேகலைக்குக் கூறுகிறாள். வடசேடியிலுள்ள காஞ்சனபுரம் அவளூர். கணவனோடு பொதியின் மலை காண வந்தவள், ஆற்றங்கரையில் விருச்சிகன் என்னும் முனிவன் தேக்கிலையில் வைத்திருந்த நாவற்கனியைச் செருக்கினால் காலால் சிதைத்தாள். பன்னீராண்டுக்கு ஒருமுறை ஒரே கனி தரும் மரத்தின் கனி அது. உண்டார்க்குப் பன்னீராண்டு பசியில்லை. முனிவன் இட்ட சாபம் இரு கூறுடையது. வான்வழிச் செல்லும் மந்திரம் அவளை விட்டு நீங்கும். யானைத்தீ என்னும் பெரும்பசி அவளைப் பற்றும். பறக்க முயன்றபோது மந்திரம் நாவில் வரவில்லை என்றும், கணவன் கொணர்ந்த கனியும் கிழங்கும் பசியைத் தணிக்கவில்லை என்றும் அவள் கூறுவது கருதத்தக்கது. அவள் நாவில் மந்திரம் இருந்தவரை பசி இல்லை. மந்திரம் அகன்ற நாவைப் பசி கைப்பற்றிக்கொண்டது. பறத்தலும் பசித்தலும் ஓருடலில் ஒன்றற்கொன்று மாறாக வைக்கப்பட்டுள்ளன.

இவ்வமைப்பின் அருமை, பிறநாட்டார் புனைந்த பறக்கும் இனங்களோடு ஒப்பிடின் நன்கு விளங்கும். ஆங்கிலேயராகிய இராபர்ட் பால்டக் 1751-இல் வெளியிட்ட பீட்டர் வில்கின்சு வரலாற்றில் பறக்கும் மக்கள் வருகின்றனர். உடலைச் சூழ்ந்த இயற்கைப் போர்வை ஒன்று விரிந்து அவர்க்குச் சிறகாகின்றது. குற்றவாளியின் அப்போர்வையைக் கிழித்துப் பறக்கவொட்டாமற் செய்வது அவர்தம் தண்டனை. பறப்பை இழத்தலே தண்டம் என்னும் அளவில் அது காயசண்டிகை கதையை நினைவூட்டும். ஆனால் ஆங்குப் பறப்பிழந்தவர் பறப்பிழந்தவரே. வேறொரு நோய் அவ்விடத்தை நிரப்புவதில்லை. அமெரிக்கராகிய போல் ஆண்டர்சன் 1973-இல் எழுதிய புதினத்தில் வரும் வேற்றுலகப் பறவையினமாகிய யித்திரியரோ உடல்நூல் அறிவு கொண்டு அமைக்கப்பட்டவர். பறக்கவல்ல உயிரின் எடைக்கு எல்லை உண்டு. நம் உலகில் இன்று பறக்கும் பறவைகளுள் மிகப் பெரியனவும் ஏறத்தாழ 20 கிலோகிராம் அளவிலேயே நின்றுவிடுகின்றன. அதனினும் பெரிய உடல் பறப்பதற்கு மிகுந்த உயிர்வளி வேண்டுமாதலின், சிறகடிக்குந்தோறும் காற்றை உட்செலுத்தும் உறுப்பொன்றை ஆண்டர்சன் அவ்வினத்துக்குப் படைத்தார். அங்ஙனம் பறப்போர்க்கு உணவும் மிகுதியாக வேண்டும். ஆகவே அவர் ஊனுண்போர். பரந்த நிலத்தில் சிறு குழுக்களாகப் பிரிந்து வாழ்வோர். பறப்பதனாற் பசி என்பது அவர் கண்ட முறை. பறப்பு நீங்கியமையாற் பசி என்பது சாத்தனார் கண்ட முறை. உடல்நூலார்க்கு முன்னது உவப்பாகலாம். அறநூற் காப்பியத்துக்குப் பின்னதே உரியது என்பது எம் துணிபு. ஏனெனில், பசியை மண்ணுலகத்தார்க்கே உரிய இழிநிலையாகக் கருதி மேலே செல்வோர் எவரும் இல்லை என்பதனை அது உடலின் வாயிலாகவே மெய்ப்பிக்கின்றது. பசியால் வற்றி அலைவன தமிழிலக்கியத்தில் பேய்கள். காரைக்காலம்மையார் பதிகத்திலும் கலிங்கத்துப் பரணியிலும் அவற்றைக் காண்கின்றோம். விண்ணில் திரிந்தவளைச் சாத்தனார் அப்பேய்களின் வரிசைக்கு அணித்தாக இறக்கி நிறுத்துகிறார்.

அவ்வாறு இறக்கப்பட்டவளே மணிமேகலைக்கு வழிகாட்டியும் ஆகிறாள். அமுதசுரபியில் முதற்பிச்சை பெறுதற்குரிய ஆதிரையின் மனையைச் சுட்டுபவள் காயசண்டிகை. பசியை நன்கறிந்தவளுக்கே இடத்தக்க கையும் தெரியும் போலும். மணிமேகலை அளித்த ஒரு பிடி உணவால் யானைத்தீ அவிகிறது. அவள் தன்னூர் நோக்கிப் பறக்கிறாள்.

ஈண்டுத்தான் காப்பியத்தின் கடுமையான பகுதி வருகின்றது. விந்தமலையின்மேல் எவரும் பறந்து செல்லலாகாது. கடப்போரை ஆங்குக் காவல் செய்யும் விந்தாகடிகை நிழலைப் பற்றி இழுத்துத் தன் வயிற்றில் இடுவாள். காயசண்டிகை இவ்விதியை அறியாதே சென்றாள், விழுங்கப்பட்டாள். பசி தீர்ந்தவள் பிறிதொரு வயிற்றுக்கு உணவாயினாள். இம்முடிவைத் தேவையற்ற கொடுமை என்று கூறுவோர் உண்டாகலாம். ஆயின் காஞ்சனனின் செயலையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். காயசண்டிகை வடிவில் நின்ற மணிமேகலையைத் தன் மனைவியென மயங்கி, உதயகுமரனை அவளது காதலன் என எண்ணி அவன் வாளெறிகிறான். உதயகுமரனின் பழவினை காரணமாயினும், அறியாது செய்த வினையும் உன்னைத் தொடரும் என்று கந்திற்பாவை காஞ்சனனுக்குக் கூறுகின்றது. மனைவி அறியாமையால் மாண்டாள்; கணவன் அறியாமையால் கொன்றான். விஞ்சையைப் பெயரிலேயே உடைய இருவரும் விஞ்சை இன்மையாற் கெட்டனர்.

நூலின் இறுதியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் சார்புகள் பன்னிரண்டு. அவற்றுள் முதலாவது பேதைமை. வேட்கையும் பற்றும் அதன் வழிவருவன. சாபத்தின் ஆண்டும் பன்னிரண்டாயினமை பற்றி யாம் எதனையும் வற்புறுத்தவில்லை. அவ்வெண் பிற கதைகளிலும் பயின்று வருவதே. ஆனால் பேதைமை என்னும் கோட்பாடு உரையாக வருவதற்கு முன்னரே, வித்தியாதரராகிய இருவர் வாழ்வில் அது நிகழ்ச்சியாகக் காட்டப்பட்டுவிட்டது என்பதனை மறுத்தல் அரிது. வணிகனையோ வேடனையோ கொலையாளியாக அமைத்திருப்பின் உதயகுமரன் இறந்திருப்பான், இப்பொருள் பிறந்திராது.

இன்னும் ஒன்று. மணிமேகலை உதயகுமரனுக்கு அஞ்சி மேற்கொண்ட வடிவம் காயசண்டிகையினது. அவ்வடிவத்தோடே அவள் சிறைக்கோட்டம் புகுந்து சிறைப்பட்டோர்க்கு உணவு ஊட்டுகிறாள். யானைத்தீ நோய்கொண்டு இவ்வூரில் திரிந்தவள் ஒரு பாத்திரத்தைக் கொண்டு எல்லார்க்கும் சோறிடுகிறாள் என்றே காவலர் மாவண்கிள்ளிக்கு அறிவிக்கின்றனர். சிறைக்கோட்டம் அறக்கோட்டமாவதும் அவ்வடிவத்தாள் வேண்டியதனாலேயே. புகார் நகரத்தார் பன்னீராண்டு பசித்தவளாகக் கண்டவளும், பின்னர்ப் பசி தீர்த்தவளாகக் கண்டவளும் காயசண்டிகையே; அவள் பறந்து சென்றதை அரசன் அறியான்.