கையடக்கத் திரையில் பழைய தமிழ் மென்பொருள்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

மலேசியத் தமிழ்க் கணிமை நாற்பது ஆண்டு வரலாறு உடையது. முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் தொடங்கிய முரசு மென்பொருள் முயற்சி அவ்வரலாற்றின் முதன்மையான தொடக்கங்களுள் ஒன்று. அதன்பின் ஒருங்குறி பரவலாகும் வரை, கிள்ளான் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை தட்டெழுதப்பட்ட கதைகள், கவிதைகள், பள்ளி மலர்கள் ஆகியவை அவ்வக்கால மென்பொருளின் தனிக் குறியேற்றத்திலேயே சேமிக்கப்பட்டன. உரிய எழுத்துருவும் மென்பொருளும் இல்லையேல் அவை இன்று பொருளற்ற குறிகளாகவே தோன்றும். அவற்றுள் அச்சேறாதவற்றுக்கு நெகிழ்வட்டே ஒரே மூலமாக இருக்கக்கூடும். இந்நிலையில், பழைய மென்பொருள்களைக் கையடக்க விளையாட்டுக் கருவிகளில் இயக்கும் வழி தமிழுக்கு எவ்வளவு பயன்படும் என்பதை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போலச்செயலியின் இயல்பு

ஒரு கணினியின் செயற்பாங்கை மற்றொரு கருவியில் நிகழ்த்திக் காட்டும் மென்பொருளை எமுலேட்டர் என்பர். நாம் இதனை இங்குப் போலச்செயலி எனக் குறிப்போம். இவ்வகையில் 2002இல் வெளிவந்த டாஸ்பாக்ஸ் புகழ்பெற்றது. 2004இல் அறிமுகமான சோனி பிஎஸ்பி கருவிக்கு ஆர்வலர்கள் இதனைக் கொண்டுசென்றனர். அதே ஆண்டில் வந்த நின்டெண்டோ டிஎஸ் கருவிக்கும் தனிப் போலச்செயலி எழுதப்பட்டது. பழைய விளையாட்டுகளை மீட்பதே இவர்தம் நோக்கம். ஆயினும், கனடாவில் சீனிவாசன் உருவாக்கிய ஆதமி போன்ற தமிழ்ச் சொற்செயலிகளும் டாஸில் இயங்கியவையே. விண்டோஸ் 3.1உம் டாஸின் மீதே இயங்கியது. ஆகவே இவ்வழி கொள்கையளவில் தமிழுக்கும் பொருந்துகிறது. நடைமுறையில் பொருந்துகிறதா என்பதே வினா.

புள்ளியும் பிக்சலும்

1987இல் வந்த விஜிஏ திரையின் அளவு 640 x 480 பிக்சல். நின்டெண்டோ டிஎஸ் திரையின் அளவு 256 x 192. எனவே முழுத்திரையையும் காட்ட வேண்டுமாயின் இரண்டரை மடங்கு சுருக்க வேண்டும். அதாவது ஐந்து வரிப் பிக்சல்களில் இரண்டே எஞ்சும். விளையாட்டில் ஒரு செங்கல்லின் விளிம்பு மறைந்தால் இழப்பில்லை. தமிழில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. 'பல்' என்பது 'பல' என்றாகிவிடும். பொருள் மட்டுமன்றி யாப்பும் மாறும், நேரசை நிரையசையாகும். வெண்பா ஒன்றைத் திரையில் படிப்பவர் தளை தட்டுவதாகக் கருதிக் கவிஞரைக் குறைகூறவும் இடமுண்டு.

ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை என்பதையும் பதிப்பாசிரியர்கள் இடம் நோக்கி மெய்யையும் உயிர்மெய்யையும் பிரித்தறிந்தனர் என்பதையும் நாம் அறிவோம். ஆனால் ஓலையில் புள்ளியின்மை எழுதுவோரும் படிப்போரும் அறிந்த மரபு. சுருங்கிய திரையிலோ, புள்ளி எவ்வரியில் விழுகிறது என்பதைப் பொறுத்துச் சில எஞ்சும், சில மறையும். எஞ்சியவற்றைக் காணும் வாசகர் மறைந்தவற்றை ஐயுறமாட்டார். இதுவே ஓலையினும் கேடானது. திரையின் ஒரு பகுதியை மட்டும் முழு அளவில் காட்டினால் புள்ளி தப்பும். எனினும் ஓரடியை முழுமையாகக் காண்பது அரிதாகும்.

இக்குறை கருவிக்குரியது, போலச்செயலிக்குரியது அன்று. 2022இல் வந்த ஸ்டீம் டெக் கருவியின் திரை 1280 x 800 பிக்சல் கொண்டது. அதில் விஜிஏ திரை சுருங்காமலே அடங்கும்.

சான்றும் மாற்றமும்

அவ்வாறாயின், கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிவிட்டால் போதாதா எனக் கேட்கலாம். போதாது என்பதே எம் கருத்து. திஸ்கி போன்ற குறியேற்றங்கள் எழுத்தைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் சேமித்தன. 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பு முதலிலும் ககரம் அடுத்தும் கால் இறுதியிலும் நிற்கும். ஒருங்குறியில் ககரமே முதலில் நிற்கும். மாற்றியில் வழு இருப்பின் கொம்பு அயலெழுத்தைச் சென்றடையும். ஒளகாரக் குறியின் பிற்பகுதியை ளகரமாகவே தட்டெழுதிய வழக்கத்தால், 'கௌரவம்' என்பது 'கெளரவம்' எனச் சேமிக்கப்பட்டதும் உண்டு. இவ்விரண்டையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். தேடுபொறிக்கோ இவை இரு வேறு சொற்கள்.

மாற்றப்பட்ட பாடம் சரியானதா என அறிய, எழுதியவர் தம் திரையில் கண்ட பாடம் வேண்டும். அதனைக் காட்டவல்லது போலச்செயலி. பதிப்புத்துறையின் சொற்களில் கூறின், ஒருங்குறிக் கோப்பு பதிப்பு. போலச்செயலியில் தோன்றுவது மூலச்சுவடி. சுவடியை எரித்துவிட்டுப் பதிப்பைப் போற்றுவார் இல்லை.

முடிவுரை

2001ஆம் ஆண்டிலும் 2013ஆம் ஆண்டிலும் தமிழ் இணைய மாநாடுகளை நடத்திய நகரம் கோலாலம்பூர். இந்நகரைச் சுற்றி எஞ்சியுள்ள பழைய வட்டுகளைத் திரட்டுவது மாணவர் ஆய்வேடுகளுக்குத் தக்க பொருளாகும். திரட்டும்போது கோப்பை மட்டும் படியெடுத்தல் போதாது; எழுத்துருவையும் மென்பொருளையும் பதிப்பெண்ணோடு உரிமையாளர் இசைவு பெற்றுச் சேர்த்தல் வேண்டும். கையடக்கக் கருவி வகுப்பறையில் எடுத்துக்காட்டுதற்கு உதவும். பாடத்தை ஒப்புநோக்குதற்கோ, புள்ளி குன்றாத திரையையே கொள்ள வேண்டும். காந்தப் பூச்சு நாள்தோறும் தேய்வதால், இப்பணியை அடுத்த தலைமுறைக்கு விட்டுவைத்தல் இயலாது.