எந்த ஊருக்கு அளவெடுத்தது?

டெக்ஸாஸில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே, டாஷ்போர்டு ஓரத்தில் ஒரு சின்னத் தகடு. அதில் எழுத்தும் எண்ணுமாகப் பதினேழு. முதல் மூன்றை மட்டும் சிவப்பில் வட்டம் போட்டிருந்தான். எம், ஏ, ஜே.

'மாமா, செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபோர்டு எக்கோஸ்போர்ட் வாங்கினேன். இது நம்ம ஊர்லேர்ந்து வந்ததுன்னு சொல்றாங்களே, நிஜமா?'

நிஜம்தான். அந்தப் பதினேழும் காரின் ஜாதகம். எந்த நாட்டில், யார் செய்தது என்பதை முதல் மூன்று எழுத்து சொல்லிவிடும். எம்.ஏ.ஜே. என்றால் ஃபோர்டு இந்தியா. 2018-லிருந்து அமெரிக்காவில் விற்ற எக்கோஸ்போர்ட், மறைமலைநகரில் பூட்டிக் கப்பல் ஏற்றிய வண்டி. பையன் பிறந்தது செங்கல்பட்டு. கார் பிறந்தது அங்கிருந்து அரைமணி நேர தூரத்தில். இரண்டு பேரும் சந்தித்துக்கொள்ள டெக்ஸாஸ் வரை போகவேண்டியிருந்திருக்கிறது.

அடுத்த மெசேஜ்தான் என்னை யோசிக்க வைத்தது. 'ஆனா இங்க எல்லாரும் இதை மட்டமாப் பேசறாங்க மாமா. அவ்வளவு மோசமான வண்டியா?'

நியாயமான கேள்வி. அமெரிக்கக் கார் விமர்சகர்கள் எக்கோஸ்போர்ட்டைச் சாத்தியது உண்மை. மெதுவாகப் போகிறது, பின்சீட் குறுகல், இந்த விலைக்கு உள்ளே பிளாஸ்டிக் மலிவு என்றார்கள். பின்கதவு மேலே தூக்காமல் அலமாரிக் கதவு மாதிரி பக்கவாட்டில் திறக்கிறது, பின்னால் இன்னொரு கார் ஒட்டி நின்றால் சாமான் எடுக்க முடியவில்லை என்றும் அலுத்துக்கொண்டார்கள். ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், 123 குதிரைசக்தி. விலை சுமார் 20 ஆயிரம் டாலரில் ஆரம்பம். எட்டு லேன் ஹைவேயில், பக்கத்தில் லாரி சைஸில் பிக்கப்புகள் பறக்கும்போது, இந்த வண்டி கல்யாண ஊர்வலத்தில் மாட்டிக்கொண்ட சைக்கிள்காரர் மாதிரிதான் தெரிந்திருக்கும்.

ஆனால் அதே வண்டியை 2013-ல் நாம் எப்படி வரவேற்றோம்? புக் பண்ணிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தோம். கீழே 200 மில்லிமீட்டர் இடைவெளி. வேளச்சேரியில் மழைத்தண்ணீர் நின்றாலும், தெருவுக்கு நாலு ஸ்பீடு பிரேக்கர் போட்டாலும் அடிவயிறு தட்டாது. நீளம் நாலு மீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. அது அழகுக்காக வந்த அளவு இல்லை. நாலு மீட்டருக்குள் இருந்து, இன்ஜினும் சின்னதாக இருந்தால் வரி குறைவு என்பது நம்ம டெல்லி சர்க்காரின் விதி. பிரேசிலில் வரைந்த கார் நம் வரி விதிக்குள் உட்கார்ந்தது. பம்பரை மாற்றி, பத்து சென்டிமீட்டர் நீட்டி, அதைத்தான் அமெரிக்காவுக்கும் அனுப்பினார்கள். பின்சீட்டில் முழங்கால் இடித்த அமெரிக்கர் எத்தனை பேருக்கு, அந்த இடியில் நம் நிதி அமைச்சகத்துக்கும் பங்கு உண்டென்று தெரிந்திருக்கும்?

ஆகவே, 'மோசமான வண்டியா?' என்பது பாதிக் கேள்விதான். 'எந்த ரோட்டில்?' என்பது மீதிப் பாதி.

சரி, பலவீனமான சின்னக் கார் அமெரிக்காவில் எடுபடவில்லை, பலமான கார் அனுப்பியிருந்தால்? அதையும் ஒருத்தர் செய்து பார்த்துவிட்டார். ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் என்று ஒரு கம்பெனி இருந்தது. அவர்கள் செய்த மொனாரோ என்ற இரண்டு கதவு கூப்பே, ஓட்டுகிறவனுக்கு சொர்க்கம். அதை 2004-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, பான்டியாக் ஜி.டி.ஓ. என்று பெயர் வைத்து விற்றார்கள். முதல் வருஷம் 350 குதிரைசக்தி, மறுவருஷம் 400. நின்ற இடத்திலிருந்து அறுபது மைல் வேகத்துக்கு சுமார் ஐந்து விநாடி. வேகத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அப்படியும் மூன்று வருஷத்தில் 40 ஆயிரம் சொச்சம்தான் விற்றது. வருஷத்துக்கு 18 ஆயிரம் விற்கலாம் என்பது கம்பெனி போட்ட கணக்கு.

ஏன்? ஜி.டி.ஓ. என்றால் 1964-லிருந்து அமெரிக்கர் மனசில் ஓர் உருவம் இருக்கிறது. முரட்டு முகம், அடாவடி. வந்ததோ வெள்ளைச் சட்டை போட்டு இன் பண்ணிய ஆபீசர் மாதிரி வழவழவென்று ஒரு வண்டி. முகம் சப்பென்று இருக்கிறது என்றார்கள். அடுத்த வருஷம் பானெட்டில் மூக்குத்துவாரம் மாதிரி இரண்டு ஓட்டை வைத்தார்கள். அமெரிக்க மோதல் விதிக்காக பெட்ரோல் டேங்கை இடம் மாற்றியதில் டிக்கி பாதியாகிவிட்டது. ஆஸ்திரேலிய டாலர் வேறு ஏறிக்கொண்டே போனது. பெயர் ஒரு ஊருக்கு, உடம்பு ஒரு ஊருக்கு, பெட்ரோல் டேங்க் ஒரு ஊருக்கு என்று ஆகிவிட்டது.

ஹோல்டன்காரர்கள் விடவில்லை. அவர்கள் செடான் ஒன்றை 2008-ல் பான்டியாக் ஜி8 என்று அனுப்பினார்கள். அருமையான கார். ஆனால் 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகி, பான்டியாக் பெயரையே இழுத்து மூடினார்கள். அப்புறம் இன்னொரு செடான், செவ்ரலே எஸ்.எஸ். என்று போனது. 2017 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் எலிசபெத் என்ற ஊரில் இருந்த அந்தத் தொழிற்சாலையே மூடப்பட்டது. கார் தோற்றதால் மட்டும் மூடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அங்கே கார் செய்கிற செலவு, நாணய மதிப்பு என்று காரணங்கள் பல.

நம் கதையும் கிட்டத்தட்ட அதே ரோட்டில்தான் போனது. எக்கோஸ்போர்ட், திட்டிக்கொண்டே அமெரிக்காவில் வருஷத்துக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் வாங்கிய கார். விற்கவில்லை என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. அப்படியும் 2021 செப்டம்பர் 9-ம் தேதி, இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறோம் என்று ஃபோர்டு அறிவித்தது. பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கணக்குக் காட்டினார்கள். சுமார் 4,000 பேர் வேலைக்கு ஆபத்து. 2022-ல் நஷ்டஈடு கேட்டு மறைமலைநகரில் தொழிலாளர்கள் போராடினார்கள். அந்த ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் லைனை விட்டு இறங்கியது.

முதல் கப்பல் போனபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். 'அமெரிக்கா ஓடும் நம்ம ஊர் கார்' என்று நெஞ்சு நிமிர்த்தினோம். நானும்தான். அந்த வண்டியை அங்கே அனுப்பலாம் என்று முடிவெடுத்தது யார், நிறுத்தலாம் என்று முடிவெடுக்கப் போவது யார் என்று யாருமே கேட்கவில்லை. போல்ட்டை முறுக்கினது நாம். எந்த ஊருக்கு, எத்தனை நாளைக்கு என்பது டெட்ராய்ட் பக்கத்து ஆபீசில் முடிவானது. அமெரிக்க ஷோரூமில், எங்கே பூட்டியது என்பதைச் சட்டப்படி ஸ்டிக்கரில் போட்டிருப்பார்கள். வாங்கினவர் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைக் கிழித்துவிடுவார். பிறகு மிச்சம் அந்த மூன்றெழுத்துதான்.

இதே ஆலையிலிருந்து 1999 நவம்பரில் வந்த ஐகான் ஞாபகம் இருக்கிறதா? 'ஜோஷ்' என்று விளம்பரம் செய்தார்களே, அந்த செடான். 1.6 லிட்டர், 92 குதிரைசக்தி. இன்றைய கணக்கில் ஒன்றுமே இல்லை. ஆனால் மாருதியிலும் அம்பாசடரிலும் வளர்ந்தவர்கள் முதல்முறை அதை ஈ.சி.ஆரில் கோவளம் தாண்டி மிதித்தபோது முகத்தில் வந்த சிரிப்பு, நானூறு குதிரைக்கும் வராது. இந்த ஊர் ரோடு, வெயில், பின்சீட்டில் உட்காரும் மாமியார் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, இந்தியாவுக்கென்றே செய்த செடான் அது. பிற்பாடு தென்னாப்பிரிக்காவுக்கும் மெக்ஸிகோவுக்கும்கூடப் போனது. என்னைக் கேட்டால் அந்த ஆலையிலிருந்து வந்ததில் நல்ல கார் அதுதான்.

போன மாசம் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்துக்குப் போயிருந்தேன். கருங்கல் பெருமாள் ஒருவர் வைக்கோல் சுற்றி மரப்பெட்டிக்குள் படுத்திருந்தார். அமெரிக்கப் பயணம். 'அங்கே போற சிலைக்கு என்ன சார் வித்தியாசம்?' என்று கேட்டேன். உளியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

'சிலையில ஒண்ணும் வித்தியாசம் இல்ல சார். ஆனா மூலஸ்தானத்தோட அளவு, வாசக்கால் உயரம் எல்லாம் அங்கேர்ந்து மொதல்ல வரணும். அது வராம நாங்க கல்லுல கையே வைக்க மாட்டோம். செஞ்சிட்டு அப்புறம் உள்ள நுழைக்க முடியாது பாருங்க.'

கார் கம்பெனிகள் பல கோடி செலவழித்துக் கற்றுக்கொண்டதை அவர் இலவசமாகச் சொல்லிவிட்டார்.

2025 அக்டோபரில் ஃபோர்டு மறுபடி தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. மறைமலைநகரில் 3,250 கோடி ரூபாய் முதலீடு. இந்தத் தடவை கார் இல்லை, ஏற்றுமதிக்கு இன்ஜின். 2029-லிருந்து வருஷத்துக்கு 2,35,000 செய்யத் திட்டம். வரட்டும். வேலை வந்தால் சந்தோஷம்தான். ஆனால் இந்தத் தடவையாவது பெருமைப்படுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்டு வைப்போம். எந்த ஊருக்கு அளவெடுத்தது? அந்த ஊர்க்காரர் வேண்டாம் என்றால் இங்கே யாருக்கு என்ன கிடைக்கும்?

அக்கா மகனுக்கு இப்படிப் பதில் எழுதினேன்: 'வண்டி மோசமில்லை. தப்பான ஊருக்கு வந்துவிட்டது. ஹைவேயில் இடது லேன் பக்கம் போகாதே. ஊருக்குள் ஓட்டு, பார்க்கிங் கிடைக்காத இடமாகப் பார்த்துப் போ. அங்கேதான் அதன் அருமை தெரியும்.'

கொஞ்ச நேரம் கழித்து பதில் வந்தது.

'மாமா, என்னைப் பத்திச் சொல்றீங்களா, காரைப் பத்திச் சொல்றீங்களா?'